பழைய வில்: எய்வதா, வைத்துக் காப்பதா?

"இதை எய்யலாமோ, சும்மா கொளுவி வைக்கிறதோ?" பழைய வில்லொன்று கைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே பலர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும்: எய்தால் உடையக்கூடும், கொளுவி வைத்தால் பத்திரமாக இருக்கும். கொழும்பில் இந்தக் கணக்கின் பின்பாதி பிழை. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடற்காற்று நேரே படும் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட வில், வாராவாரம் மைதானத்துக்குப் போய்வரும் வில்லைவிட விரைவாகக் கெட்டுப்போகலாம். எய்வதென்றாலும் வேலை, காப்பதென்றாலும் வேலை. இரண்டில் எந்த வேலையை ஏற்பது என்பதுதான் நாம் எடுக்கவேண்டிய முடிவு.

அந்த முடிவை வில்லின் வயதோ விலையோ சொல்லாது. அது எதனால் செய்யப்பட்டது என்பதுதான் சொல்லும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வில்லை நான் நம்பிக்கையோடு முழுதாக இழுப்பேன். அதே வயதுடைய இன்னொன்றில் நாணேற்றவே சம்மதிக்கமாட்டேன்.

எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளுக்குப் பழைய விற்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்திருக்கின்றன. முதலாவது மலையகம். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த அதன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரைமார் ஊர் திரும்பிய அந்தக் காலத்திலும் அதற்கு முன்னரும் பங்களாச் சாமான்கள் கைமாறின. கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் பெரிய கிளாக்கர் வீட்டுக்கும் போன சாமான்கள், பிள்ளைகள் கொழும்புக்கு இறங்கியபோது கூடவே கொட்டாஞ்சேனைக்கு வந்தன. இந்த வழியில் வருபவை பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்த உருக்கு விற்கள் அல்லது ஒற்றை மர விற்கள். இரண்டாவது வழி கனடா. ரொறன்ரோவில் யாரோ வீட்டு வாசலில் வைத்து விற்ற அமெரிக்க வில்லை, லீவுக்கு வரும் மச்சான் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவார். அது அநேகமாக 1960களின் அல்லது 70களின் பைபர்கிளாஸ் அடுக்கு வில்லாக இருக்கும். மூன்றாவது, விளையாட்டுக் கழகங்களில் கழித்துவிட்ட உலோகக் கைப்பிடி விற்கள். 2006 ஓகஸ்டில் கொழும்பில் நடந்த பத்தாவது தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் வில்வித்தையும் இருந்தது. அந்த ஆண்டுகளில் இந்த விளையாட்டைத் தொட்டுப் பார்த்தவர்களின் அலுமாரிகளுக்குப் பின்னால் இன்றும் சில கிடக்கும்.

உருக்கு வில்: எய்யவே வேண்டாம்

இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. உருக்குக் குழாயால் செய்த வில் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு நேராக இருந்தாலும், அதில் நாணேற்றக்கூடாது.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் இந்த விற்களுக்கு நல்ல மவுசு இருந்தது. சுவீடனில் சீஃபாப், இங்கிலாந்தின் ஓல்ட்பரியில் அக்கிள்ஸ் அன் பொலொக் என்னும் குழாய்க் கம்பெனி செய்த அப்பலோ, இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி கண்ணில் படும். மரம்போல் வளைந்து நிற்காது, மழைக்கு ஊறாது, பாதியாகக் கழற்றிப் பையில் வைக்கலாம் என்று வாங்கினார்கள். வெப்பமண்டல நாட்டில் வேலை பார்த்த ஒருவருக்கு அது நியாயமான தெரிவாகவே பட்டிருக்கும்.

குழாயின் வெளிப்பக்கத்தை வர்ணமும் பூச்சும் காக்கின்றன. உள்ளே எதுவும் இல்லை. கைப்பிடிப் பொருத்து வழியாகவும் நுனி வழியாகவும் ஈரக்காற்று உள்ளே போகும், உள்ளிருந்து கறள் பிடிக்கும். சுவர் மிக மெல்லியது என்பதால் சிறு கறள் குழியே போதும், ஒவ்வொரு இழுப்பிலும் விசையெல்லாம் அந்த இடத்தில் குவியும். மரவில் உடைவதற்கு முன் பெரும்பாலும் ஏதாவது அடையாளம் காட்டும்: ஒரு கோடு, ஒரு கீச்சுச் சத்தம், ஒரு பக்கச் சாய்வு. உருக்குக் குழாய் எந்த அடையாளமும் காட்டாமல் முறியும். முறிவதும் முழுதாக இழுத்த நேரத்தில், அதாவது உங்கள் முகம் நாணோடு ஒட்டியிருக்கும் நேரத்தில். இவை புதிதாக இருந்த காலத்திலேயே இப்படி முறிந்திருக்கின்றன. நுவரெலியா மூடுபனியிலும் பிறகு கொழும்பு உப்புக்காற்றிலும் இத்தனை ஆண்டுகளைக் கழித்த குழாயின் உட்புறத்தை வெளியில் இருந்து பார்த்து நல்லது என்று சொல்லத்தக்க ஆள் யாருமில்லை.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு இந்தியாவிலும் உருக்கு விற்கள் இருந்தன, அரும்பொருட் காட்சிச்சாலைகளில் இன்றும் காணலாம். கொம்பும் மரமும் தசைநாரும் விலங்குப் பசையால் ஒட்டிச் செய்த விற்கள் எய்வதில் அவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் மழைக்காலம் வந்தால் பசை இளகிவிடும். ஆயுதக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் பிரிந்துபோகாத ஒன்று தேவைப்பட்டது, அதற்காக உருக்கை அடித்து வில்லாக்கினார்கள். நம் பக்கத்துக் காலநிலை வில்லுக்கு என்ன செய்யும் என்ற கவலை மிகப் பழையது.

ஆகவே உருக்கு வில்லை வைத்துக் காப்பவராக இருங்கள். கழற்றக்கூடியது என்றால் கழற்றி, பொருத்தின் உட்புறத்தில் தையல் மெசின் எண்ணெய் தொட்ட துணியை விட்டுத் துடையுங்கள். வெளியிலும் ஒரு மெல்லிய பூச்சு. நாண் இருந்தால் எடுத்துத் தனியே ஒரு உறையில் போடுங்கள். கைப்பிடியில் ஒரு அட்டை கட்டி "நாண் ஏற்றக்கூடாது" என்று எழுதிவிடுங்கள். அந்த அட்டை உங்களுக்காக அல்ல. நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் அலுமாரியைத் திறக்கப்போகும் பெறாமகனுக்காக.

ஒற்றை மரம்: பெரும்பாலும் காப்பது, சிலவேளை எய்வது

பழைய ஆங்கில வில்லாளர்கள் விரும்பிய மரங்கள் இரண்டு. ஒன்று யூ. வெளிர்நிற வெளிமரம் முதுகுப்பக்கமாக, அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறமாக, இழுவிசையைத் தாங்கும், செந்நிற வைரம் வயிற்றுப்பக்கமாக அமுக்கத்தைத் தாங்கும், இரண்டும் ஒரே தடியில் இயற்கையாகவே சேர்ந்திருக்கும். மற்றது கியூபாவில் இருந்து வந்த லெமன்வுட். எலுமிச்சைக்கும் அதற்கும் உறவில்லை, மஞ்சள் சாயலால் வந்த பெயர். தோட்டத்துத் துரை வைத்திருந்த மரவில் லெமன்வுட்டாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நுனியில் நாணை மாட்டக் கொம்பால் செய்த கொளுக்கிகள் இருக்கும்.

இவற்றை எடைபோடும்போது கொழும்பின் ஈரத்தைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். சுற்றுக்காற்றில் 50 சதவீத ஈரப்பதன் இருந்தால் மரத்துக்குள் ஏறத்தாழ 9 சதவீத நீர் நிற்கும். வில் செய்பவர்கள் விரும்புவது ஏறக்குறைய அந்த அளவைத்தான். ஈரப்பதன் 80 சதவீதமானால் மரத்தின் நீர் 16 சதவீதத்தை நெருங்கும். கொழும்பில் யன்னல் திறந்த அறையில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இந்த இரண்டாவது நிலைதான். ஊறிய மரம் உடனே உடையாது, ஆனால் தளர்ந்து போகும். இழுவை, அதாவது வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை, குறையும், நாணை இறக்கினாலும் வளைவு முழுதாக நிமிராது. அதே வில்லை ஏசி அறையில் சில மாதம் வைத்தால் காயும், சுருங்கும், விறைத்து நிற்கும். காய்ந்து இறுகிய நிலையில் ஒருநாள் யாராவது எடுத்து முழுதாக இழுத்தால் முதுகு பிளந்துவிடும். ஏசி அறைக்கும் கடற்காற்றுக்கும் இடையில் மாறிமாறிப் பயணம் செய்வதுதான் மரவில்லுக்கு எல்லாவற்றிலும் கெடுதல்.

எய்யலாமா என்று பார்க்க வயிற்றுப்பக்கத்தை, அதாவது எய்பவரை நோக்கும் பக்கத்தை, பகல் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். குறுக்காக ஓடும் மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் அந்த இடத்தில் நார்கள் நசுங்கிவிட்டன என்று பொருள். அந்த வில் ஓய்வு பெற்றுவிட்டது. குண்டூசித் தலையளவு ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் கண்டாலும் அப்படியே, உளுத்த மரம் உள்ளே எவ்வளவு உளுத்திருக்கிறது என்று வெளியே தெரியாது. கொம்பு நுனிகளையும் விடாதீர்கள், பூச்சிக்குக் கொம்பு பிடிக்கும்.

இவற்றில் ஒன்றும் இல்லாத, நேரான, நல்ல மரவில்லை எய்யவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் குறித்த நீளத்துக்கு இழுக்காமல் மூன்று நான்கு அங்குலம் குறைத்து இழுக்கவேண்டும், சில அம்புகளோடு நிறுத்தவேண்டும், உடைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் பெரும்பாலானவை கழிந்து போகின்றன. அப்பப்பா கையால் துடைத்து வைத்த வில் உடைந்தபிறகு வீட்டில் வரும் மனத்தாங்கலுக்கு நாலு அம்பின் சந்தோசம் ஈடாகாது. நெருங்கிய உறவின் நினைவு ஏறிய ஒற்றை மர வில்லென்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பக்கம். எய்ய ஆசையிருந்தால் அதற்கு வேறு வில் இருக்கிறது.

பைபர்கிளாஸ் அடுக்கு வில்: சோதனையில் தேறினால் எய்யவேண்டும்

"எய்யலாம்" என்று சொல்லாமல் "எய்யவேண்டும்" என்று எழுதியது தெரிந்தேதான். 1950களில் அமெரிக்க வில் செய்பவர்கள் மெல்லிய மரத் தகடுகளின் இருபுறமும் பைபர்கிளாஸை ஒட்டி லிம்ப், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் கை, செய்யும் வித்தையைக் கைவசப்படுத்தினார்கள். பசையும் விலங்குப் பசையில் இருந்து செயற்கைப் பிசினுக்கு மாறியது. மழைக்குப் பயப்படாத வில் அப்போதுதான் பொதுமக்கள் கைக்கு வந்தது. மிச்சிகனில் பிரெட் பெயார், ஆர்கன்சோவில் பென் பியர்சன், மிசூரியில் ஏர்ல் ஹொய்ட் ஆகியோர் செய்த விற்கள் இன்றும் உலகம் முழுவதும் எய்யப்படுகின்றன. 1920க்குப் பிறகு காணாமல்போன வில்வித்தை 1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குத் திரும்பியபோது, போட்டி மைதானத்தில் நின்றவையும் இந்த மர, பைபர்கிளாஸ் அடுக்குக் குடும்பத்து விற்கள்தான். எய்வதற்காகவே செய்து, எய்து எய்து நிரூபித்த பண்டம். நல்ல நிலையில் உள்ளதைச் சுவரில் தொங்கவிட்டுத் தூசு துடைப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

வயதைக் கணிக்கும்போது ஒரு பொறி உண்டு. பெயார் விற்கள் பலவற்றில் 1953 என்ற ஆண்டு அச்சிட்டிருக்கும். "என்னிடம் 1953ஆம் ஆண்டு வில் இருக்கிறது" என்று அதை வைத்துப் பலர் நம்பிவிடுகிறார்கள். அது காப்புரிமையின் ஆண்டு, செய்த ஆண்டு அல்ல. கைப்பிடியில் பதித்த வட்டப் பதக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மரத்தோடு மட்டமாக இருந்தால் 1972 வரையில் செய்தது, மேடாகத் தட்டுப்பட்டால் அதற்குப் பிந்தியது. மட்டமான பதக்கம் உள்ளவற்றுக்கே சேகரிப்பவர்களிடம் மதிப்பு அதிகம்.

சோதனையை அவசரமில்லாமல் செய்யவேண்டும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒரு பஞ்சுத் துண்டை லிம்ப்பின் இரு பக்கத்திலும் இரு விளிம்பிலும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் அங்கே நார் எழும்பியிருக்கிறது. பிறகு ரோச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால் பயப்பட அதிகமில்லை, பழைய பைபர்கிளாஸில் அவை சாதாரணம். குறுக்காக ஒரே ஒரு வெடிப்பு இருந்தாலும் அத்தோடு முடிந்தது. அடுத்தது பசைக்கோடு. கைப்பிடி மெலிந்து லிம்ப்பாக மாறும் இடத்திலும் நுனித் தகடுகளிலும் ஒரு கடதாசி விளிம்பை நுழைக்கப் பாருங்கள். நுழைந்தால் அடுக்கு பிரிந்துகொண்டிருக்கிறது. சுப்பர் குளூ விட்டு ஒட்டி எய்யலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நுனித் தகட்டுக்கு அது ஓரளவு சரிவரலாம், லிம்ப்பின் நடுவில் ஒருபோதும் சரிவராது.

நாண் விடயத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். வில்லோடு வந்த நாணைக் கழற்றி வைத்துவிட்டு டாக்ரோன் என்னும் பொலியெஸ்டர் நூலால் கட்டிய புதிய நாண் வாங்குங்கள். இன்றைய விற்களுக்குப் போடும் பாஸ்ட் பிளைட் வகை நாண் கிட்டத்தட்ட நீளாது, அம்பு புறப்பட்ட பிறகு மிஞ்சும் அதிர்ச்சி முழுவதையும் நுனியில் கொண்டுபோய் இறக்கும். பழைய விற்களின் நுனி அதற்குப் பலப்படுத்தப்படவில்லை. டாக்ரோன் சற்று நீண்டு அந்த அதிர்ச்சியை உள்வாங்கும். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். ஏ.எம்.ஓ. என்று வில்லில் குறித்த நீளத்தில் மூன்று நான்கு அங்குலம் கழித்தால் நாணின் நீளம் வரும்.

ஏற்றும்போது காலுக்கிடையில் விட்டு வளைக்கும் பழக்கம் வேண்டாம், லிம்ப் முறுகுவதற்கு அதுவே பெரிய காரணம். இரு நுனியிலும் மாட்டிக் காலால் மிதித்துத் தூக்கும் கயிறு எந்த வில்வித்தைக் கடையிலும் கிடைக்கும். ஏற்றிய பிறகு நுனியில் இருந்து நுனிவரை ஒரு கண்ணால் பாருங்கள், நாண் இரு லிம்ப்பின் நடுவிலும் ஓடவேண்டும். கைப்பிடியில் இருந்து நாணுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிவைத்து, சில மணிநேரம் அப்படியே விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். பிறகு கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கப் பழக்குங்கள். முதல்நாள் பாதிவரை போதும். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் நிறுத்தி, பஞ்சில் இருந்து மறுபடி தொடங்குங்கள். இழுத்ததை எப்போதும் கையால் மெல்லத் திரும்பக் கொண்டுவரவேண்டும். அம்பில்லாமல் விட்டால், நல்ல வில்லுக்குக்கூட அந்த ஒரு தடவையோடு ஆயுள் முடியலாம்.

மிக இலேசான அம்பும் பழைய வில்லுக்கு ஏறக்குறைய அதே கேட்டைத்தான் செய்யும். இன்றைய வில்லில் இழுவையின் ஒவ்வோர் இறாத்தலுக்கும் ஐந்து கிரெயின் நிறையுள்ள அம்புவரை இறங்கலாம் என்பார்கள். பழையதில் நான் எட்டுக்குக் கீழே போவதில்லை, ஒன்பது பத்து என்றால் நிம்மதி. ஒன்பதென்றால் 45 இறாத்தல் வில்லுக்கு 405 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம். வில்லோடு வந்த மர அம்புகளை எய்யாதீர்கள். அம்பை நாணில் மாட்டும் பழைய பிளாஸ்டிக் கொளுவி எப்போது பிளக்கும் என்று தெரியாது, மரத்தண்டில் மறைந்திருக்கும் வெடிப்பு கைக்குள் குத்தும். அவற்றைக் காட்சிக்கு வையுங்கள், அதற்கு அவை அழகானவை.

உலோகக் கைப்பிடி விற்கள்

சுருக்கமாகவே சொல்லலாம். 1970களில் வார்ப்பு மக்னீசியத்தில் செய்த கைப்பிடிகள் உப்புக்காற்றை வெறுக்கும். வர்ணம் கொப்பளித்து அடியில் வெள்ளைத் தூள் தெரிந்தால் எய்யாதீர்கள். பிந்திய அலுமினியக் கைப்பிடிகள் பெரும்பாலும் நல்லவை, கேள்வி லிம்ப்பிலும் திருகாணியிலும்தான். யமஹா 2002இல் வில் செய்வதை நிறுத்திவிட்டது. இருந்தாலும் அதன் விற்களை இன்றும் விரும்பி எய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு லிம்ப் போனால் அதே இணையைத் தேடி அலையவேண்டும். கப்பி வைத்த பழைய கொம்பவுண்ட் விற்களை, அமெரிக்கரான ஹொலிஸ் வில்பர் அலென் 1969இல் காப்புரிமை பெற்ற அந்த வகையின் முதல் தலைமுறையை, வைத்திருக்கலாம், எய்யவேண்டாம். உருக்குக் கம்பியும் கப்பியும் அறுந்தால் மாற்றுச் சாமான் கிடையாது. அதை இழுத்த நிலையில் வைத்தே திருத்த முயல்வது கைவிரலைப் பணயம் வைக்கும் வேலை.

யார் இழுக்கப்போகிறார்?

வில் தேறினாலும் ஆள் தேறவேண்டும். பழைய அமெரிக்க விற்களில் பெரும்பகுதி வேட்டைக்காகச் செய்தவை, 45, 50, 55 இறாத்தல் என்று இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு 20இல் இருந்து 28வரை ஏற்றது. 50 இறாத்தல் வில்லில் பழகத் தொடங்கினால் தோள்மூட்டு நோகும், பாணி கெடும், சில மாதத்தில் ஆசையும் போய்விடும்.

வில்லில் குறித்திருக்கும் இறாத்தல் எண் பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் இழுப்பு எவ்வளவு என்று அறிய, இரு கையையும் விரித்து விரல்நுனியில் இருந்து விரல்நுனிவரை அளந்து 2.5ஆல் வகுங்கள். கைவிரிப்பு 67 அங்குலம் என்றால் இழுப்பு ஏறத்தாழ 27. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று இறாத்தல் குறையும். வில்லின் நீளமும் முக்கியம். பெயார் செய்த 52 அங்குல கோடியாக் மேக்னம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் இழுக்கும்போது நாண் கூர்ங்கோணமாக மடிந்து விரல்களை நெரிக்கும். நீளக் கைக்காரருக்கு 60 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை பொருந்தும். இலக்குப் பலகைக்கு எய்யச் செய்த 66, 68 அங்குல விற்களில் 30 இறாத்தல் அளவில் ஒன்று அகப்பட்டால், பழைய வில்லில் எய்ய விரும்புபவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

உங்கள் வில் 50 இறாத்தலாகவும் நீங்கள் புதியவராகவும் இருந்தால் என் ஆலோசனை இது: லிம்ப் மாற்றக்கூடிய புதிய மரக்கைப்பிடி ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) ஒன்று வாங்கிப் பழகுங்கள். இலேசான லிம்ப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏறலாம். பழையது அதுவரை காத்திருக்கும். புதியதோடு ஒப்பிட்டால் பழையதில் பணம் மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். நாண், பாரமான அம்பு, நாணேற்றும் கயிறு எல்லாம் சேர்ந்தால் அந்த மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும். பழையதை எய்வதற்குக் காரணம் சிக்கனம் அல்ல. அது கையில் உட்காரும் விதம், அம்பு போகும் அமைதி, செய்தவர் கைப்பிடியில் இழைத்த மரங்கள்.

இடமும் தேவை. 45 இறாத்தல் வில்லின் அம்பு தடையில்லாவிட்டால் நூற்றைம்பது மீற்றருக்கு மேலே போகும். ஒழுங்கையிலும் மொட்டைமாடியிலும் எய்யும் எண்ணமே வேண்டாம். பின்னால் தடுப்பு உள்ள, யாரும் நடந்து வராத, பயிற்றுநர் நிற்கும் கழக மைதானம் கிடைக்காதென்றால், எவ்வளவு நல்ல வில்லானாலும் அது காக்கவேண்டிய வில்தான்.

காப்பதென்று முடிவெடுத்தால்

கடலை நோக்கிய சுவர், குளியலறைச் சுவர், வெயில் விழும் சுவர் மூன்றையும் விட்டுவிட்டு வீட்டின் உட்சுவரொன்றைத் தேருங்கள். துணி சுற்றிய இரண்டு முளைகளில் கிடையாகப் படுக்கவையுங்கள். மூலையில் நுனியில் நிறுத்திவைத்தால் பாரம் முழுவதும் கீழ் லிம்ப்பில் இறங்கி நாளடைவில் முறுகிவிடும். பொலித்தீனில் சுற்றவேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியுறை நல்லது. தென்மேற்குப் பருவம் தொடங்கும் மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் எடுத்துப் பார்த்து, தோல் கைப்பிடியைக் காய்ந்த துணியால் துடைத்து, மரத்துக்கு மெல்லிய மெழுகு பூசுங்கள். பெட்டியில் வைப்பதென்றால் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் போடுங்கள், 50க்கும் 60க்கும் இடையில் நின்றால் மரத்துக்குச் சுகம். காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் சூடு, அரைநூற்றாண்டு தாங்கிய பசையையும் ஒரு பின்னேரத்தில் இளக்கிவிடும்.

ஆயுதபூசைக்கு வில்லையும் வைப்பது அழகான வழக்கம். சந்தனத்தையும் குங்குமத்தையும் வில்லில் நேரே இடாமல், கீழே விரித்த துணியிலோ கட்டிய அட்டையிலோ இடுங்கள். ஈரச் சந்தனம் பழைய வார்னிஷைக் கிளப்பும், குங்குமக் கறை மரத்தை விட்டுப் போகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, காட்சிக்கு வைக்கும் வில்லில் நாண் இருக்கக்கூடாது. வீட்டுக்கு வருபவர் யாரானாலும் வில்லைக் கண்டால் எடுப்பார், எடுத்தால் இழுப்பார், இழுத்தால் விடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது, வில் அப்படிக் கூப்பிடும் பொருள். நாணைக் கழற்றி வைப்பது நம் கடமை.

விற்பதா, கொடுப்பதா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒன்றைத் தவிர்க்கவேண்டும்: அழகுபடுத்துகிறேன் என்று மண்கடதாசி போட்டுத் தேய்த்துப் புதிதாக வார்னிஷ் அடிப்பது. மொரட்டுவைத் தச்சர் கண்ணாடிபோல் மினுக்கித் தருவார். செய்தவர் எழுத்தும் இழுவை எண்ணும் அதோடு போய்விடும், சேகரிப்பவர் பிறகு திரும்பிப் பார்க்கமாட்டார். ஆங்கில, அமெரிக்க விற்களுக்கு உள்ளூரில் வாங்குபவர் குறைவு. வெளிநாட்டுச் சேகரிப்பவருக்கு அனுப்பும் செலவு பெரும்பாலும் வில்லின் விலையை விழுங்கும்.

வேடர் சமூகத்து வில்லோ, எந்தக் காலத்தது என்று சொல்லமுடியாத உள்ளூர் வில்லோ கையில் இருந்தால் கதை வேறு. அதை எய்வது பற்றிய பேச்சே வேண்டாம். துடைக்கவும் மெழுகவும்கூட அவசரப்படாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது, அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். கொழும்பு 7இல் 1877இல் திறந்த தேசிய அரும்பொருட் காட்சிச்சாலையும் தொல்பொருள் திணைக்களமும் ஒரே வீதியில் இருக்கின்றன. ஒரு காலை ஒதுக்கிப் படங்களோடு போய்க் கேட்கலாம்.

எந்த முடிவை எடுத்தாலும் ஒரு கடதாசியில் இவற்றை எழுதி உறைக்குள் வையுங்கள்: வில் யாரிடமிருந்து வந்தது, என்ன இழுவை, நாண் எவ்வளவு நீளம், நாணேற்றினால் கைப்பிடிக்கும் நாணுக்கும் எவ்வளவு தூரம், கடைசியாக எப்போது சோதித்தது, எய்யலாமா கூடாதா. எய்யும் வில்லானால் அந்தத் தூரத்தை ஒவ்வொரு முறையும் ஏற்றியதும் அளந்து அடியில் குறியுங்கள். புதிய டாக்ரோன் நாண் தொடக்கத்தில் சற்று நீளும், தூரம் குறையும், நாணை இரண்டு முறுக்கு முறுக்கினால் சரியாகிவிடும். நாண் நீண்டு முடிந்த பிறகும் தூரம் தொடர்ந்து குறைந்துகொண்டே போனால் குறை நாணில் இல்லை, லிம்ப்பில். அன்றைக்கு அந்தக் கடதாசியில் "எய்யலாம்" என்பதை வெட்டிவிட்டு, வில்லை உட்சுவருக்கு மாற்றுங்கள்.